நீ நீட்டிய இடது கை

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது.

எழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிடாதே. இடது கையால் எழுதுகிறேன். ஒரு பக்கம் நிரப்ப ஒரு காலைப்பொழுது முழுவதும் ஆகிறது. வரி தானாக மேலே ஏறிப் போகிறது. மை காய்வதற்குள் கை அதன் மேலேயே நகர்வதால் பாதி எழுத்து தேய்ந்திருக்கும். "நீங்க சொல்லுங்க, நான் எழுதுகேன்" என்று உன் அம்மா நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவளிடம் சொல்லி எழுதவைக்க முடியாத விஷயம் இதில் இருக்கிறது. போனில் பேசலாம் என்றால் நாக்கு இன்னும் குழறுகிறது. குழறாவிட்டாலும் நான் பேசியிருக்க மாட்டேன், அது உனக்குத் தெரியும். நீயும் மலையாளத்தில் படித்தவன், ஞாயிறு பள்ளியில் கற்ற தமிழ்தான் உன் தமிழ். நான் மெதுவாக எழுதுகிறேன், நீயும் மெதுவாக வாசி.

போன வாரம் நீ அம்மாவுக்குப் போன் செய்தபோது அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். எல்லாம் எனக்குக் கேட்டது. அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை ரேஷ்மாவை ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்துக் கல்யாணம் செய்யப் போவதாகச் சொன்னாய். உன் பக்கம் சர்ச் வேண்டாம், அவள் பக்கம் கோயிலும் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது என்றாய். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். போனை வைக்கப் போகிற நேரத்தில், "அப்பா வந்து சாட்சி ஒப்பு போடணும். அப்பாட்ட சொல்லு" என்றாய். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்ச்சில் நடக்காத கல்யாணத்துக்கு வர எனக்குச் சடைவு என்று அவள் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்தச் சடைவு இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகும் என் கையெழுத்து உனக்கு வேண்டுமா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ரேஷ்மாவே என்னைக் கூப்பிட்டாள். நல்ல பிள்ளை. நான் கேட்காமலே, "அங்கிள் விஷமிக்காண்டா, ஒரு கவலையும் வேண்டா. இடது கையால ஒப்பிட்டா மதி, அது போதும். நான் ஆபீசில போயி கேட்டாச்சு" என்றாள். அங்கே இருந்த கிளார்க்கு, ஏது கையானாலும் ஒப்பு ஒப்புதானே என்றாராம். அதுவும் முடியாவிட்டால் ரேகை வைக்கலாம், ஆணுக்கு இடது பெருவிரல்தான் என்றாராம். அது எனக்கும் தெரியும். பத்திரம் எழுதுகிற இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று இடது பெருவிரலை மையில் முக்குவதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் ஒரு நாளும் யோசித்ததில்லை. நிலத்தை எழுதிக்கொடுக்க அந்தக் கை ஆகுமென்றால், ஒரு தோசைத் தட்டை நீட்ட ஏன் ஆகாது என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். இப்போது எனக்கு வேறு வேலை இல்லை.

என் வலது கை எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். வாதம் வந்து எட்டு மாதமாகிறது. வலி இல்லை. வலி இருந்தாலாவது கை இருக்கிறது என்று தோன்றும். குளித்து முடித்ததும் அம்மா அதை எடுத்துத் துடைத்து மடியில் வைக்கிறாள், வேறு யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் போலக் கிடக்கிறது. வெந்நீர் பட்டால் தெரிவதில்லை. பிசியோ செய்ய வருகிற பையன் ஒவ்வொரு விரலாகப் பிடித்து நீட்டி, "பெட்டருண்டு, பெட்டருண்டு" என்று சொல்லிவிட்டுப் போகிறான். உனக்குச் செய்த கொடுமைக்குக் கடவுள் வலது கையை எடுத்துக்கொண்டார் என்று உனக்குத் தோன்றியிருக்கலாம். சபையில் ஒன்றிரண்டு பேர் வேறு ஏதேதோ பாவத்தைச் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடாதவனுக்கு வருகிறதுதான் எனக்கும் வந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடு என்பதை உனக்கு என் முதல் புத்திமதியாக வைத்துக்கொள், நம் குடும்பத்தில் எல்லாருக்கும் பிரஷர் உண்டு.

நீ இடது கைக்காரன் என்று நாங்கள் கண்டுபிடித்தபோது உனக்கு இரண்டு வயது. சோற்றுக்கிண்ணத்தில் இடது கையை விட்டு அளைந்தாய். அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தோம், நீ அதையும் நக்கிவிட்டாய். பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சாப்பிட உட்காரும்போது இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார வேண்டும். நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை நீ அப்படித்தான் சாப்பிட்டாய். ஒரு நாள், "அப்பா, கை மரத்துப் போச்சு" என்றாய். "மரத்துப் போனா நல்லதுதான் லே, சோறு கேக்காது பாத்துக்கோ" என்று சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார், அவரும் சிரித்தார். நீ கையை எடுக்காமல் சாப்பிட்டு முடித்தாய். எழுந்ததும் கையை உதறி உதறி நடந்தாய். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. உனக்கு நல்லது செய்கிறேன் என்றே இருந்தேன்.

அப்படி இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மன்னிப்புக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நான் பத்தொன்பது வயதில் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து பழவங்காடியில் அந்த ஓட்டலில் சப்ளையராகச் சேர்ந்தேன். முதல் மாதமே ஒரு தப்புச் செய்தேன். சபரிமலைக்கு மாலை போட்ட ஆட்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்த ஒரு காலை. வலது கையில் சாம்பார் வாளி, இடது கையில் தோசைத் தட்டு. அவசரத்தில் தட்டை இடது கையாலேயே ஒருவர் முன் வைத்துவிட்டேன். தட்டை விரலால் தள்ளிவிட்டு எழுந்து போனார். அவருடன் வந்த ஐந்து பேரும் எழுந்து போனார்கள். முதலாளி வலியசாலை அக்கிரகாரத்துக்காரர், எல்லாரும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைத் திட்டவில்லை. கடை காலியானதும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "இடதுன்னா மட்டம்னு அர்த்தமில்லைடா. அது பித்ருக்களோட பக்கமாக்கும். அப்பாவுக்குத் திதி குடுக்கறப்போ பூணூலையே மாத்திப் போட்டுண்டு எல்லாம் எதிர்ப்பக்கமாப் பண்றோம். உசிரோட இருக்கறவாளுக்கு முன்னாடி அதை நீட்டாதே, அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் மட்டமில்லை என்கிற முதல் பாதியை நான் காதில் வாங்கவில்லை. நீட்டாதே என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். வாரத்தில் ஆறு நாள் சாமி கடையில் வலது கை. ஏழாம் நாள் சர்ச்சுக்குப் போனால் அங்கேயும் பிதாவின் வலது பக்கம், செம்மறியாடுகள் வலது பக்கம், வெள்ளாடுகள் இடது பக்கம். இரண்டு இடத்திலும் ஒரே சட்டம் என்றால் அது சரியாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வேதத்தில் இடது கைப் பழக்கமுள்ள ஒரு நியாயாதிபதி உண்டு என்று ஞாயிறு பள்ளியில் கேட்டுவிட்டு வந்து நீ குதித்துக்கொண்டே சொன்னாய். அவர் மனுஷனைக் குத்தத்தான் அந்தக் கையை உபயோகித்தார் என்று சொல்லி உன் வாயை அடைத்தேன். அந்தப் பதில் எனக்கு உடனே கிடைத்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உன் இடது கைக்கு ஒரே ஒரு வேலையை மட்டும் நான் ஒதுக்கிக் கொடுத்தேன். பள்ளி இல்லாத நாட்களில் அம்மா உன்னைக் கடைக்குக் கூட்டிவருவாள், கடைசி பெஞ்சில் உட்காரவைத்து உனக்கு நெய்ரோஸ்ட் போடுவோம். சாம்பார் ஒட்டிய வலது கையால் நீ டம்ளரை எடுத்தாய். கையில் லேசாகத் தட்டினேன். "எச்சிக் கையால டம்ளரத் தொடப்பிடாது மக்கா. நாலு பேரு எடுக்குத சாமான். தண்ணிக்கு மட்டும் இந்தக் கை, கேட்டியா" என்று சொல்லி உன் இடது கையை நானே பிடித்து டம்ளரில் வைத்தேன். அதன் பிறகு நீ ஒரு தடவை கூட மறந்ததில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் குடிக்கும்போது உன் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். அந்தக் கைக்கு லீவு விட்ட மாதிரி. தாகம் இல்லாமலே நாலு தடவை குடிப்பாய்.

நான் சபை மூப்பர் ஆனது உனக்குப் பதினாலு வயதில். எதற்கு என்னைப் போட்டார்கள் என்று உனக்குத் தெரியும். திருவிருந்தில் திராட்சரசக் கப்புகள் அடுக்கிய அந்தக் கனத்த டிரேயை நடுங்காமல் பிடித்துக்கொண்டு வரிசையாக முழங்காலில் நிற்கிறவர்கள் முன்னால் குனிந்து குனிந்து நடக்க வேண்டும். மற்றவர்கள் கையில் கப்புகள் கிலுகிலுவென்று சத்தம் போடும். என் கையில் சத்தமே வராது. போதகர் அதைச் சொல்லிப் பாராட்டினார். ரிட்டயரான ஒரு பெரிய உத்தியோகஸ்தர் மட்டும் வாசலில் நின்று இன்னொருவரிடம், "ஓட்டல்ல வெளம்பினது போதாதுன்னு இங்கயும் வெளம்ப வந்தாச்சு" என்று சொன்னதை நான் கேட்டேன். கேட்காத மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த மனிதர் எந்தப் பெஞ்சில் இருக்கிறார் என்று முதலில் பார்த்துக்கொள்வேன்.

பதினைந்து வயதில் உனக்குத் திடப்படுத்தல் வந்தது. அன்றுதான் நீ முதன்முதலாக அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து. அதற்கு முந்தின வாரம் முழுவதும் நான் உன்னைப் பழக்கினேன். கட்டில் ஓரத்தில் முழங்கால் போடவைத்து, இடது உள்ளங்கை கீழே, வலது உள்ளங்கை மேலே, அப்பத்தை வாங்கி, கையை உயர்த்தி, வாயால் எடுக்க வேண்டும். பிஸ்கட்டை உடைத்து வைத்துப் பத்து இருபது தடவை செய்யவைத்தேன். நீ சலிக்காமல் செய்தாய். கப்பை எடுப்பதை நாம் பழகவில்லை. டம்ளர் எடுக்கத் தெரியாத பிள்ளை யார் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பதிமூன்று பிள்ளைகள். நீ நாலாவது. போதகர் அப்பம் கொடுத்துக்கொண்டே போனார், நான் டிரேயோடு பின்னால் வந்தேன். நீ அப்பத்தை வாங்கிய விதத்தைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்தது. பிறகு நான் உன் முன் வந்து குனிந்தேன். நீ வலது கையை மூடி மார்போடு வைத்துக்கொண்டு, இடது கையை டிரேயை நோக்கி நீட்டினாய். உன்னைக் கவனிக்கவில்லை என்று அன்று வீட்டில் நான் சொன்னது பொய். நான் உன்னைப் பார்த்தேன். நடுவிரலில் பேனா மை இருந்ததைப் பார்த்தேன். அந்தக் கையால் நீ எங்களுக்குத் தெரியாமல் எழுதுகிறாய் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய், தண்ணீர் குடிக்கும்போது இருக்கிற முகம். எனக்குப் பின்னால் அந்த மனிதர் மூன்றாவது பெஞ்சில் இருந்தார். நான் டிரேயை ஒரு விரல் அளவுக்கு உயர்த்தினேன். பந்தியில் சப்ளையர்கள் செய்கிற வேலைதான், வேண்டாதவர் கைக்கு எட்டாமல் வாளியைத் தூக்குவது. ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டிய வசனத்தை உனக்குச் சொல்லாமல், அடுத்த பிள்ளையிடம் நகர்ந்து அங்கிருந்து சொல்லத் தொடங்கினேன். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை வருஷம் விளம்பியிருக்கிறேன், உட்கார்ந்த ஒருவரை விட்டுவிட்டுப் போனது அன்று மட்டும்தான்.

மத்தியானம் வீட்டில் ஆட்டிறைச்சி. அம்மாவின் அக்கா வீட்டார் வந்திருந்தார்கள். அம்மா பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "பிள்ளைக்கு ஏன் கப்பு குடுக்கல்ல?" நான், "கவனிக்கல்ல. கூட்டத்துல ஆளு தெரியல்ல" என்றேன். உடனே அம்மா, "சொந்தப் பிள்ளையத் தெரியாத கண்ணு" என்று என்னைக் கிண்டல் செய்தாள், எல்லாரும் சிரித்தார்கள். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். பொய் என்று உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்ததை நீயும் பார்த்தாய். இலையை மூடிவிட்டுப் போனாய். ஒரு வார்த்தை நீ கேட்டிருந்தால் நான் உன்னை அடித்திருப்பேன், அடித்திருந்தால் ஒருவேளை அன்றே எல்லாம் முடிந்திருக்கும்.

அதன் பிறகு நீ என் கையிலிருந்து எதையும் வாங்கவில்லை. அம்மாவுக்கு இது தெரியாது. எனக்கே இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பிடிபட்டது. காபியை நீட்டினால், "அங்க வையிங்கப்பா, எடுத்துக்கிடுகேன்" என்பாய். பஸ் பாஸ், ஹால் டிக்கெட், சாவி, குடை, எல்லாம் அப்படித்தான். நான் மேசையில் வைத்து இரண்டடி நகர்ந்த பிறகு நீ வந்து எடுப்பாய், அதுவும் வலது கையால். எனக்குப் பிடித்த மாதிரி வலது கைக்காரனாகிவிட்டாய். சபையில் நாலு பேர் என்னைப் பாராட்டினார்கள். நீ கொச்சிக்கு வேலைக்குப் போகிற அன்று ஸ்டேஷனில் உன் பையை நீட்டினேன். கீழே வைக்கச் சொன்னாய். பிளாட்பாரம் ஈரமாக இருந்தது, ஆனாலும் வைத்தேன். பதினேழு வருஷமாக நான் உனக்கு எதையும் கையில் கொடுத்ததில்லை. பழகிவிட்டது. சங்கடமாக இருந்ததா என்று கேட்டால், முதல் இரண்டு வருஷம் இருந்தது, பிறகு எதுவும் தெரியவில்லை.

எனக்கு வாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ வந்து மூன்று நாள் நின்றாய். மருந்து வாங்கினாய், டாக்டரிடம் பேசினாய், பெட்பேன் வைத்தாய். எல்லாம் செய்தாய். இரண்டாம் நாள் நான் இடது கையால் என் கண்ணாடியைக் கழற்றி உன்னிடம் நீட்டினேன். நான் இடது கையால் எதையாவது நீட்டுவது உன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நீ அந்தக் கையைப் பார்த்தாய். பிறகு ஸ்டூலைக் காட்டினாய். நான் ஸ்டூலில் வைத்தேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, எனக்கு நானே செய்துகொண்டதுதான் இது என்றுகூட அன்று தோன்றவில்லை. தூக்கம் வந்தது, தூங்கிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அம்மா என்னைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போனாள். முழங்கால் போட முடியாது என்பதால் நாற்காலியில் முன்னால் உட்காரவைத்தார்கள். இப்போது டிரே பிடிக்கிறவர் ஒரு பாங்க்கில் வேலை செய்கிற இளவயசுக்காரர். கப்புகள் சத்தம் போடும், பார்க்கவே எரிச்சலாக இருக்கும். அவர் என் முன் குனிந்தார். நான் இடது கையை நீட்டினேன். அவர் எந்தக் கை என்று பார்க்கக்கூட இல்லை. நானே எடுக்கும்வரை டிரேயைத் தாழ்த்திப் பிடித்து, வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனார். எடுத்தேன், குடித்தேன், கப்பைத் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஒரு மிடறு புளிப்பு, அதுவும் வாயின் இடது பக்கம் மட்டும்.

ஆனால் உனக்கு இதை எழுதவைத்தது அது இல்லை. போன மாதம் ஒரு மத்தியானம், இடது கையால் சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விக்கல் எடுத்தது. முன்னால் தண்ணீர் டம்ளர் இருந்தது. கை டம்ளர் வரை போய் நின்றுவிட்டது. எச்சில் கை. இன்னொரு கை எனக்கு இல்லை. விக்கிக்கொண்டே டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நீ அன்று வலது உள்ளங்கையிலிருந்து அப்பத்தை வாயால் எடுத்தாய். அந்தக் கை எச்சில். டிரே நாலு பேர் எடுக்கிற சாமான். அதனால் அந்தக் கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினாய். கடைசி பெஞ்சில் வைத்து நான் சொல்லிக்கொடுத்ததை, நான் சொன்னபடியே செய்தாய். அந்தப் பதிமூன்று பேரில் நான் கற்றுக்கொடுத்த மரியாதை தெரிந்தது உனக்கு மட்டும்தான். அம்மா ஓடிவந்து, "என்னாச்சு" என்றாள். தண்ணீர் வேண்டும் என்றேன். வாயில் ஊற்றினாள். பதினேழு வருஷமாக உன்னைப் பிடிவாதக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பா நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ரேஷ்மாவோடு சண்டை வந்தால் சத்தமாகப் போடு, தெருவுக்குக் கேட்டாலும் பரவாயில்லை. நம் வீட்டில் சத்தமே வரவில்லை, அக்கம்பக்கத்தில் நல்ல குடும்பம் என்று பேர் வாங்கினோம், அதனால் கெட்டதுதான் எல்லாம். பொய் சொல்லிவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் திருத்திவிடு, ஒரு வாரம் போனால் அதன் மேல் சோறு தின்னப் பழகிவிடும். பிறத்தியார் பார்க்கிறார்கள் என்று உன் பிள்ளையிடம் எதையும் செய்யாதே. அந்த உத்தியோகஸ்தர் செத்துப் பத்து வருஷமாகிறது. அவர் அன்று நம்மைப் பார்த்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. குனிந்து ஜெபம் செய்துகொண்டிருந்திருக்கலாம்.

கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்ன ஒருவனைத்தான் நீ சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறாய். தெரிந்தேதான் கூப்பிட்டாய் என்று நினைக்கிறேன். ஏன் என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் மாட்டேன். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை, சர்ச்சுக்கு வா என்றும் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமை காலையில் எட்டு மணிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் பேரை இடது கையால் தினமும் எழுதிப் பழகுகிறேன், ஓரளவுக்கு வருகிறது. இதை வாசித்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல். நான் சட்டையைக் கழற்றி வைத்துவிடுவேன். உன் மேல் ஒரு குறையும் இருக்காது.

நேற்றுக் காலையில் அம்மாவிடம் சொன்னேன். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பிள்ளையை நான் பார்த்தேன், பார்த்தும்தான் கொடுக்கவில்லை என்று இரண்டே வரியில் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. மீன் முழுவதையும் ஆய்ந்து முடித்தாள், சட்டியைக் கழுவினாள், கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். திட்டுவாள் என்று இருந்தேன். "பிள்ளை எத்தற நேரம் கைய நீட்டிக்கிட்டு இருந்தான்?" என்று மட்டும் கேட்டாள். ஞாபகம் இல்லை என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள், இதுவரை என்னோடு பேசவில்லை. சோறு போட்டு வைக்கிறாள், பேசுவதில்லை.

ஞாபகம் இல்லை என்று அவளிடம் சொன்னது மறுபடியும் பொய். கவரை ஒட்டும் முன் இந்தக் கடிதத்தை அவளிடம் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன், அவளும் தெரிந்துகொள்ளட்டும். உனக்குப் பிறகு உன் வரிசையில் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் கொடுத்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் எழுந்து இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் எழுந்திருக்கவில்லை. கை அப்படியே நீட்டியிருந்தது. நான் திரும்பி வருவேன் என்று நினைத்துத்தான் அப்படி வைத்திருந்தாய். டிரேயில் நாலு கப்பு மிச்சம் இருந்தது. எட்டு அடி தூரம்கூட இருக்காது. நான் வரவில்லை.

அப்பா